குத்தினதோ, விழுந்ததோ

…திரையில் முதல் கோட்டை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, மெஷின் தன் பாட்டுக்கு ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போய்விடும், அதற்கென்ன, நாளைக்கு யாருக்கும் பதில் சொல்லப் போவது அதுவா, சுட்டியைப் பிடித்து இழுத்து, இல்லை இங்கே, இல்லை இன்னும் கொஞ்சம் முன்னாலே, சும்மா கிடந்த கோடு முதன்முதலாகத் துடித்த இடம் எதுவோ அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டியது நான்தான், சம்பளம் அதற்குத்தான். முதல் அலை மெல்லியது, ஒருவரையும் ஒன்றும் செய்யாது, அலுமாரிக் கண்ணாடியைக் கிணுகிணுக்க வைக்கும், நாயைக் குரைக்க வைக்கும், பின்னால் வருகிற இரண்டாவதுதான் வீட்டைப் பிடித்து ஆட்டுவது, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை வைத்துத்தான் எவ்வளவு தூரத்தில் நிலம் நடுங்கியது என்று சொல்கிறோம்… இந்தக் கருவியில் இடைவெளியே இல்லை, முதல் கோடும் இரண்டாம் கோடும் முட்டிக்கொண்டு நிற்கின்றன, அப்படியென்றால் அதற்கு நேர் கீழே, அட கடவுளே, அந்தக் கருவி எங்கே நிற்கிறது என்று நான் வரைபடம் பார்க்கத் தேவையில்லை, போன வைகாசியில் நானே போய் அதற்கு பற்றரி மாற்றினேன், மாற்றிவிட்டு அம்மா வீட்டில் உழுந்து வடையோடு தேத்தண்ணி குடித்தேன். அம்மாவின் ஊர்.

கல்லுடைக்கிற வெடியா என்று பக்கத்து மேசையிலிருந்து தோபியாஸ் கேட்கிறான், அந்த மலைப்பக்கத்தில் சுண்ணாம்புக்கல் குவாரி இருக்கிறது, மத்தியானத்துக்குப் பிறகு வெடி வைப்பார்கள், மெஷின் அதை நிலநடுக்கம் என்று பதிந்து எங்களைச் சிரிக்க வைக்கும். இல்லை என்றேன். வெடி எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி வெளியே தள்ளும், பூமி அப்படியில்லை, ஒரு பக்கத்தைத் தள்ளினால் இன்னொரு பக்கத்தை இழுக்கும், இது தள்ளியும் இருக்கிறது இழுத்தும் இருக்கிறது. வலது கை சுட்டியில், இடது கையில் கைபேசி, அம்மாவின் இலக்கம் அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது. அளவு நான்கரைக்கு மேல் என்கிறது. சின்னச் சின்ன ஆட்டங்கள் அங்கே எப்போதும் வரும், சனம் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை, ஆனால் நான்கரை என்றால் புகைபோக்கி விழும், பழைய சுவர் வெடிக்கும், அம்மா இருப்பது பழைய வீடு, தையல் ஃபக்டரிக்காரன் தன் ஆட்களுக்கென்று எந்தக் காலத்திலோ கட்டியது, மாறுங்கோ மாறுங்கோ என்று அப்பா இருக்கும்போதே சொன்னேன், கொம்மாவுக்கு வேலைக்கு நடந்து போகலாம் என்றார், இப்போது அப்பாவும் இல்லை, ஃபக்டரியும் இல்லை, அம்மா மட்டும் அந்த வீட்டில். எடுங்கோ அம்மா, எடுங்கோ. கால் குளிர்கிறது, ஏன் இந்த அறை இப்படிக் குளிர்கிறது, ஹீற்றரைப் போடவில்லையா இவன்? அடுத்த கருவி, கோடு, அதற்கடுத்தது, கோடு. எடுக்கமாட்டார். எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும், அங்கே போன் மணி கேட்காது.

நிலம் ஆடினால் வீட்டுக்கு அடியிலிருக்கும் கெல்லருக்குள், அந்த நிலவறைக்குள், ஓடி இறங்குகிற மனிதர் இந்த நாட்டில் வேறு யாராவது உண்டா? எத்தனை தடவை சொல்லியிருப்பேன், மேசைக்குக் கீழே போங்கோ, ஆட்டம் நின்ற பிறகு வெளியிலே வெட்டையான இடத்துக்கு வாங்கோ, கெல்லருக்குள் மட்டும் இறங்காதேங்கோ, முழு வீடும் உங்கட தலையிலதான் என்று. “மேசை என்ன பங்கரோ?” என்று கேட்டார் அம்மா. “பங்கருக்கு நாங்கள் பனங்குத்தி அடுக்கி, அதுக்கு மேல மண்மூட்டை போட்டனாங்கள். உன்ர மேசைப் பலகை என்னத்தைத் தாங்கும்?” பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் இந்த ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் மேசைக்குக் கீழே போகப் பழக்கியவள் நான், பெற்ற தாயைப் போகவைக்க ஏலவில்லை, நல்ல நிபுணர்தான்! ஈரமண், பனங்குத்தியில் ஊர்கிற மட்டத்தேள், தம்பியின் முழங்கால் என் விலாவில்… ஊரில் ஆமி கோட்டைக்குள்ளிருந்து ஷெல் அடித்த காலம், எனக்கு ஏழு வயது. முதலில் தூரத்தில் டும் என்று ஒரு சத்தம் கேட்கும், அது குத்துகிற சத்தம், ஷெல் குழாயைவிட்டுக் கிளம்புகிறது என்று அர்த்தம், பிறகு ஒன்றுமே இல்லாத ஒரு நேரம், பிறகு எங்கேயாவது விழுகிற சத்தம். குத்திட்டான், குத்திட்டான் என்று கத்திக்கொண்டு ஓடி இறங்குவோம், விழுந்த பிறகுதான் மூச்சு. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் முதல் அலை, இரண்டாம் அலை என்று கீறிக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது, இதையா இவ்வளவு மொத்தப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று… இல்லை, பொய், சிரிப்பு வரவில்லை, வெளியே போய் வாந்தி எடுத்தேன், சிரிப்பு வந்தது என்று பிறகு சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

சோதிலிங்கம் அண்ணைக்கு அடித்தேன், அப்பாவோடு ஒரே குசினியில் கோப்பை கழுவியவர், இப்போது அம்மாவின் ஊரில் ஸ்டேஷனுக்கு முன்னால் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். “ஓம் பிள்ளை, சொல்லு, தேங்காய்ப்பால் ரின் முழுக்க உருண்டு ரோட்டுக்குப் போட்டுது, இது உன்ர வேலைதானோ?” என்றார், இந்த மனிதருக்குச் சாகிற நேரத்திலும் பகிடிதான், அம்மா போன் எடுக்கிறா இல்லை அண்ணை என்றதும் குரல் மாறிவிட்டது, இந்தா வெளிக்கிட்டன் என்றார். பிறகு காத்திருப்பு. ஆழம் ஏழு கிலோமீட்டர், சரி, அனுப்பு என்றேன் தோபியாசிடம், அனுப்பிவிட்டான், அடுத்த கணமே வானொலிக்காரர்கள், முடிந்துவிட்டதா, இனிமேல் வருமா, எப்போதும் கேட்பதுதான், எங்களிடம் அதற்கு மனப்பாடமான ஒரு பதில் இருக்கிறது, மேலும் அதிர்வுகள் வரலாம், பெரிதாகவும் வரலாம், வாய்ப்புக் குறைவு, அதாவது எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பதன் மரியாதையான வடிவம். இப்போது வந்ததுதான் பெரியதா, அல்லது பெரியதற்கு முன்னால் வந்ததா என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு கருவியும் இல்லை, இரண்டுக்கும் கோடு ஒரேமாதிரித்தான் துடிக்கும், அடுத்தது வந்த பிறகுதான் முந்தியது என்னவென்று தெரியும்.

“பிள்ளை, புகைபோக்கி உடைஞ்சு முத்தத்தில கிடக்கு.” சோதிலிங்கம் அண்ணைக்கு மூச்சு வாங்குகிறது. “கதவு திறந்தபடி. கொம்மாவைக் காணேல்லை, குசினியிலயும் இல்லை… பொறு, பொறு, கெல்லர்ப் படியில செருப்புக் கிடக்கு. மேல் படியில. ரெண்டையும் சோடியா வைச்சிட்டு இறங்கியிருக்கிறா மனிசி, கோயிலுக்குப் போற மாதிரி.”

செருப்பு. ஐயோ அம்மா, செருப்பு. வீட்டுக்குள் செருப்போடு போய்ப் பழகாத சனம் நாங்கள், குழிக்குள்ளும் செருப்போடு இறங்கவில்லை, தலைக்கு மேலே ஷெல் வரும், பங்கர் வாசலில் நின்று செருப்பைக் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் இறங்குவோம், யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை, கால் தானாகச் செய்தது. தம்பி இளங்கீரனுக்கு நீலப்பட்டி போட்ட புதுச்செருப்பு, அப்பா இங்கிருந்து யாரிடமோ கொடுத்துவிட்டது, அப்பா இங்கே ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய பிறகு பிறந்தவன் அவன், படத்தில் பார்த்துத்தான் கால் அளவைக் குத்துமதிப்பாக எடுத்தாராம், ஒரு விரல் பெரிது, ஆனாலும் அவனுக்கு அது உயிர், வெளியிலே விட்டால் நாய் தூக்கிவிடும் என்று பங்கருக்குள் இருந்து அனுங்கிக்கொண்டே இருப்பான். அன்றைக்குக் குத்துகிற சத்தம் கேட்டது, இறங்கினோம், இருந்தோம், பிறகு ஒரு சத்தம். அம்மா தலையைச் சரித்துக் காதுகொடுத்துக் கேட்டார். பிறகு சொன்னார், விழுந்திட்டுது, இனி ஒண்டுமில்லை. கீரன்தான் முதலில் ஏறினான், செருப்புக்காக. அந்தச் சத்தம் விழுந்த சத்தம் இல்லை, இரண்டாவது ஷெல்லைக் குத்திய சத்தம், இரண்டும் கொஞ்ச நேரத்தில்… போதும், அதற்கு மேல் வேண்டாம். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை, இங்கே வந்து அப்பாவும் ஒரு நாளும் கேட்டதில்லை, ஆனால் இனி ஒண்டுமில்லை என்ற அந்த ஒரு வசனத்தை அம்மா திரும்ப யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை, எனக்குக் காய்ச்சல் விட்டபோதும் இல்லை, அப்பாவின் முதலாவது ஒப்பரேஷன் நன்றாக முடிந்தபோதும் இல்லை, எல்லோரும் சந்தோஷப்பட அம்மா மட்டும் பாப்பம், பாப்பம் என்றுகொண்டு இருந்தார்.

“அக்கா, மேல வாங்கோ” என்று சோதிலிங்கம் அண்ணை கூப்பிடுவது கேட்கிறது, கீழே சிக்னல் இல்லை, மேல் படியில் நின்று சத்தமாகப் பிடித்திருக்கிறார் போனை. “கெல்லர்ச் சுவர் மேலயிருந்து கீழ வரைக்கும் வெடிச்சிருக்குப் பிள்ளை, என்ர கை போகும். தீயணைப்புக்காரர் இப்ப வர ஏலாதாம். நான் இறங்கித் தூக்கிக்கொண்டு வருவமெண்டால் கிட்ட வரவேண்டாம் எண்டு கத்துறா. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நீ சொல்லு, நீ சொன்னாத்தான் வருவாவாம்.” அடுத்த ஆட்டம் எப்போதும் வரலாம், ஒரு மணித்தியாலம் கழித்தும் வரலாம், நான் இந்த வசனத்தை முடிக்க முன்னரும் வரலாம், வெடித்த சுவர் இன்னொன்றைத் தாங்காது, அம்மாவை இப்போதே வெளியே எடுக்க வேண்டும், அதற்கு நான் எதையாவது சொல்ல வேண்டும். அம்மா, நான் கஜந்தி, என்றேன். கீழே இருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ஆனால் ஆறுதலாக, பதற்றமே இல்லாமல் வந்தது அந்தக் கேள்வி.

“பிள்ளை, இது குத்தினதோ, விழுந்ததோ?”

விழுந்திட்டுது அம்மா, இனி ஒண்டுமில்லை, வாங்கோ. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் ஏறி வந்துவிடுவார், வேறு யார் சொன்னாலும் நம்பமாட்டார், நான் இதற்கென்றே படித்தவள், சின்னப் பொய், உயிரைக் காக்கிற பொய், யார் சொல்லமாட்டார்கள்… வாயைத் திறந்தேன், அந்தச் சொற்கள் வரவில்லை, அதே சொற்கள், அதே ஒழுங்கில், நாக்கில் வந்து நின்றன, ஏறி வருகிற படியில் நீலப்பட்டி தெரிந்தது. தோபியாஸ் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். தெரியாதம்மா, என்றேன்.

“என்ன பிள்ளை இது!” சோதிலிங்கம் அண்ணைக்குப் பத்திக்கொண்டு வந்துவிட்டது. “தெரியாதெண்டு சொல்லுறதுக்கோ உன்னைப் படிப்பிச்சது? விழுந்திட்டுதெண்டு சொல்லிவிடன், மனிசி வரட்டும்!” அண்ணை, பேசாமல் போனைப் பிடியுங்கோ என்றேன்.

“உனக்கும் தெரியாதோ?” என்றார் அம்மா.

“ஓம் அம்மா. தெரியாது.”

“இவ்வளவு மெஷின் வைச்சிருக்கிறியள்.”

“மெஷினுக்கும் தெரியாதம்மா. ஆருக்கும் தெரியாது. ரெண்டும் ஒரே மாதிரித்தான் கேக்கும். மற்றது வந்தாப் பிறகுதான் முந்தினது என்னெண்டு சொல்லலாம். ஆனா அந்தச் சுவர் வெடிச்சுப்போச்சு, அது தெரியும். அதுக்காக வாங்கோ.”

ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லாத ஒரு நேரம். சோதிலிங்கம் அண்ணையின் மூச்சு, அவருக்குப் பின்னால் ரோட்டில் ஒரு சைரன், கீழே ஒன்றும் இல்லை. சொல்லியிருக்கலாம், பொய்யைச் சொல்லியிருக்கலாம், பெரிய அரிச்சந்திரன் பரம்பரை நீ, அம்மாவைக் கொன்றுவிட்டுக் கருவியின் நேர்மையைக் கட்டிக்கொண்டு அழு…

“அப்ப,” என்றார் அம்மா, “அண்டைக்கு எனக்கும் தெரிஞ்சிருக்க ஏலாது.”

என்னிடம் சொன்னதா, சோதிலிங்கம் அண்ணையிடமா, வேறு யாரிடமாவதா, தெரியவில்லை. பிறகு முழங்கால் நோவோடு ஏறுகிற மெதுவான காலடி, ஒரு படி, நின்று, இன்னொரு படி. “கையைத் தாங்கோ அக்கா, செருப்பைப் பிறகு போடலாம், வாங்கோ” என்கிறார் சோதிலிங்கம் அண்ணை, “போட்டுக்கொண்டுதான் வருவன், நிலம் ஈரம்” என்கிறார் அம்மா, அடி கோதாரி! இப்போதுமா! பிறகு வெளிக்காற்றின் இரைச்சல், முற்றம், அவர்கள் வெளியே. அம்மா போனை வாங்கி, மத்தியானம் என்ன சாப்பிட்டனி என்று கேட்டார். புட்டு என்றேன். கறி? நேற்றையான் கத்தரிக்காய். சரி, வேலையைப் பார், என்று வைத்துவிட்டார். நான் அழுதேன், மேசையில் முகத்தைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல், தோபியாஸ் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனான், நல்ல பிள்ளை.

அப்ப அண்டைக்கு எனக்கும் தெரிஞ்சிருக்க ஏலாது. அது ஆறுதலா? அல்லது கேள்வியா, நான் ஓம் என்று சொல்ல வேண்டுமென்று கேட்டதா? இத்தனை வருடமாக இருட்டுக்குள் ஓடி ஒளிகிறார் என்றுதான் நினைத்தேன், ஒளியப் போனாரா, அல்லது யாராவது வந்து இதைச் சொல்லட்டும் என்று காத்திருக்கப் போனாரா… திரையில் கோடு மறுபடி துடிக்கத் தொடங்குகிறது, அடுத்தது, சின்னதாகத்தான் இருக்க வேண்டும், முற்றத்தில் நிற்கிறார்கள், ஒன்றும் ஆகாது, தூரத்துக் கருவியில் முதல் கோட்டை வைத்தேன். தோபியாஸ் திரும்பி வந்து நிற்கிறான், கையில் ஒரு சோடிச் சப்பாத்து. இது உன்னுடையதுதானே, அறை வாசலுக்கு வெளியே சோடியாக வைத்திருந்தது, தடக்கி விழப் பார்த்தேன் என்கிறான். குனிந்து பார்த்தேன், மேசைக்குக் கீழே என் கால்கள் வெறும் காலுறையில். எப்போது எழுந்து போனேன், எப்போது கழற்றினேன், மெஷின் முதல் முதல் கூவியபோதா, அதற்கும் முன்னாலேயா? அவன் சப்பாத்தை நீட்டிக்கொண்டே நிற்கிறான். பொறு, இன்னும் விழேல்லை, என்றேன் அவனிடம், தமிழில்.