மாப்பிள்ளை குடித்த கசப்பு

எங்கள் வீட்டு மூலிகை மதுவுக்குக் கசப்பு என்றுதான் பெயர். என் மாமனாரின் தாத்தா இந்த ஆல்ப்ஸ் அடிவாரத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர். பன்றிக்கறியை ஒரு கட்டு கட்டிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த வனக்காவலர்களுக்கு அவர் கலக்கிக் கொடுத்த மருந்துதான் இது. இருபதுக்கு மேல் வேரும் பூவும் பழத்தோலும் சேரும். எல்லாவற்றுக்கும் தலைவன் ஜென்ஷியன் வேர். வாயில் விட்டதும் சர்க்கரையும் ஆரஞ்சுத் தோலும் கொஞ்சும். விழுங்கிய பிறகுதான் கசப்பு வந்து தொண்டையில் சம்மணம் போட்டு உட்காரும். அது பிடிக்காதவர்களை எனக்கும் பிடிக்காது.

என் மாப்பிள்ளை தீலோவை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். வடக்கே ஹாம்பர்க் பக்கத்து ஆள். நாங்கள் பேசுவது பாதி அவருக்குப் புரியாது. ஆனால் ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் சின்னக் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தால் காலியாகத்தான் திருப்பித் தருவார். "பிரமாதம் அத்தை" என்பார். வடக்கத்திக்காரனே விரும்பிக் குடிக்கிறான் பாருங்கள் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து வைத்திருந்தேன்.

அந்த ஞாயிறு, புது வேர் போட்டு ஊறவைத்த ஜாடியை முதல் தடவையாகத் திறந்தேன். என் மகள் லியோபாவுக்கு ஏழு மாதம், அவளுக்குக் கிடையாது. மாப்பிள்ளைக்கு ஊற்றிவிட்டு, எனக்கு ஒரு கிளாஸ் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்து எனக்கும் ஊற்றி வாயருகே கொண்டுபோன நேரம், என் கொழுந்தன் கொர்பினியன் கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தான். மலையில் வேர் தோண்டிக் கொடுத்தது அவன்தான்.

"அண்ணி, குடிச்சிடாதீங்க! கீழ வைங்க!"

"என்னடா ஆச்சு?"

"தோண்டுன எடத்துக்கு இன்னிக்குப் போனேன். இது கெடந்துச்சு, பாருங்க."

கையில் ஒரு காய்ந்த தண்டு. ஜென்ஷியன் என்றால் இலைகள் எதிரெதிரே ஜோடியாக நிற்கும். இதில் மாறி மாறி ஒவ்வொன்றாக ஏறியிருந்தன. கெர்மர் என்கிற விஷச்செடி! இரண்டும் ஒரே மேய்ச்சல் நிலத்தில் பக்கத்தில் பக்கத்தில் வளரும். கோடையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்கூட வித்தியாசம் சொல்லிவிடும். இலை காய்ந்த பிறகு தோண்டினால்தான் வினை. கெர்மர் வேர் உள்ளே போனால் வாந்தி வரும், அப்புறம் இதயமே தடுமாறும்.

மாப்பிள்ளையின் கிளாஸ் காலியாக இருந்தது.

என் கிளாஸை மேசையில் வைத்தேன். லியோபாதான் விஷத் தகவல் மையத்துக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

"குடிச்சப்ப வெறுமனே கசந்துச்சா, இல்ல நாக்கு எரிஞ்சு மரத்துப்போச்சா? அவரையே கேளுங்க" என்றாள் போனில் பேசிய பெண்.

"பிரமாதமா இருந்துச்சு" என்றார் தீலோ.

"பிரமாதம் கெடக்கட்டும் மாப்பிள்ளை, கசந்துச்சா?"

"கசந்துச்சுன்னும் சொல்லலாம்."

"நாக்குலயா, தொண்டையிலயா?" என்றான் கொர்பினியன்.

"ரெண்டுக்கும் நடுவுல."

"தீலோ, வெளையாடாத!" லியோபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "புள்ள பொறக்கப்போகுது. ஒழுங்கா சொல்லித் தொலை!"

"ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்றேன்" என்றது போன்.

தீலோ காது வரைக்கும் சிவந்துபோனார். "வேண்டாங்க. நான் குடிக்கல."

தன் பீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தி, அதன் தகர மூடியைத் தூக்கிக் காட்டினார். அடியில் மிச்சமிருந்த பீர் கறுப்பாக இருந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, நான் ஊற்றியதுதான்.

"நான் உள்ள போனப்பவா?"

"ஆமா அத்தை."

"இன்னிக்கு மட்டுமா?"

அவர் லியோபாவைப் பார்த்தார். அவளுக்கும் இது புதுச் செய்திதான். அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து நின்றாள்.

"நிச்சயதார்த்தத்துல இருந்து அத்தை. மொத நாள் ஒரு வாய் குடிச்சேன். மன்னிச்சுக்குங்க, என்னால முடியல."

கொர்பினியன் நாற்காலியில் சரிந்து விழுந்து விழுந்து சிரித்தான். லியோபா கைத்துண்டால் புருஷனின் முதுகில் நாலு சாத்து சாத்திவிட்டு, அவர் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் ஒரே உருளாக உருண்டு போனது. சிலுவை போட்டுக்கொண்டேன். அந்த மனிதரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தேன்.

"இத்தனை வருஷமா என்கிட்ட பொய் சொன்ன வாய் நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்!"

"ஹலோ, யாராவது பேசுங்க. அவர் குடிச்சாரா இல்லையா?" என்றது போன்.

போனைக் கையில் எடுத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் குரல் எட்டு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"இல்லம்மா, சொட்டுக்கூடக் குடிக்கல. நான் செய்யற கசப்பு எங்க மாப்பிள்ளைக்குப் பிடிக்கவே பிடிக்காதாம்!"