சின்னத்தங்கம் பார்க்க ஏற்றிய வாணம்

சின்னத்தங்கம் என்னைக் கட்டுவதற்கு ஒரு நிபந்தனை போட்டாள். அதனால்தான் அறுபத்தாறு வயதில் நான் ரொக்கற் விடப் போனேன்.

அவள் என் மாமி மகள், புருசனை இழந்தவள். நான் பெண்டாட்டியை இழந்தவன். சமாதான ஒப்பந்தம் எழுதி ஒரு வருசம் போயிருந்தது. அந்த ஒப்பந்தத்தை நான் நம்பவில்லை. ஆனாலும் அது கிழிவதற்குள் கேட்டுவிடுவோம் என்று அவளிடம் கேட்டேன்.

"வானத்தப் பயமில்லாமப் பாத்து எத்தின வருசம் மச்சான். நான் பாத்துச் சிரிக்கிற மாதிரி ஒண்ட ஏத்திக் காட்டுங்க. மறுகா பாப்பம்."

டொமினிக்கிடம் ஓடினேன். பஸ் டிப்போவில் வேலை செய்து ஓய்ந்தவன். அவனுடைய தங்கை மகன் கனடாவிலிருந்து வந்தபோது ஒரு விளையாட்டு ரொக்கற் கொடுத்திருந்தான். மட்டை உடம்பு, பிளாஸ்ரிக் மூக்கு, இறங்கும்போது விரிவதற்கு உள்ளே மடித்து வைத்த செம்மஞ்சள் குடை. பிளேனில் எப்படி ஏற்றினான் என்று கேட்டேன். அதற்கு மட்டும் டொமினிக்குக் காது கேட்கவில்லை.

ரொக்கற் என்று வாய்விட்டுச் சொல்ல இருவருக்கும் பயம். வாணம் என்றே பேசிக்கொண்டோம்.

மோட்டர் மூன்று இருந்தன. சுற்றுகிற சாமான் என்று நினைத்தேன். பார்த்தால் மருந்து அடைத்த மட்டைக் குழாய், பெருவிரல் பருமன், ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து.

"ஏ சின்னன். பி அதவிட ரெண்டு மடங்கு. சி பியவிட ரெண்டு மடங்கு. சியப் போடுவம் அண்ணன், ஆயிரம் அடி போகும்."

"போய்க் குடை விரிஞ்சா காத்து எங்க கொண்டு போகும்?"

இருவரும் வாவியைப் பார்த்தோம். அக்கரை இயக்கப் பொடியன்களிடம். இக்கரையில் ஆமிக்காம்ப். எங்கே விழுந்தாலும் விசாரணை.

"அப்ப ஏ," என்றான்.

"ஏ தென்னையத் தாண்டுமா?"

"ரெண்டு தென்னை உசரம் போகும். பேப்பர்ல எழுதியிருக்கு."

எழுத்தை நம்பி நிறைய ஏமாந்தவன் நான். ஆனாலும் ஏ என்றே முடிவு செய்தோம்.

பற்றவைக்க ஒரு சிறு கம்பி. மின்சாரம் பாய்ந்தால் நுனி சிவந்து தீப்பிடிக்கும். அதற்கு நாலு புது டோர்ச் பற்றரி வாங்கச் சொன்னான். கடைக்காரன் புதுசு என்று எதை விற்பான் என்று எனக்குத் தெரியும், வாங்கவில்லை. பற்றரிக்குத் தடை இருந்த சண்டைக்காலம் முழுக்க எட்டே எட்டுப் பற்றரியை வெயிலில் காயவைத்துக் காயவைத்து ரேடியோ கேட்டவன் நான். அந்த எட்டையும் நெற்பாயில் போட்டுக் காயவைத்து எடுத்துப் போனேன்.

பின்னேரம் வாவிக்கரைக்குச் சின்னத்தங்கம் நாலைந்து பெண்களோடு வந்து நின்றாள். சுவிச் என் கையில். டொமினிக் பத்திலிருந்து எண்ணினான். அமத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி அமத்தினேன். வாணம் தன்பாட்டில் நின்றது.

"என்னகா, இதுக்கு நேர்த்தி ஏதும் வைக்கணுமா?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். சின்னத்தங்கமும்தான். ஆனால் அது என்னைப் பார்த்துச் சிரித்தது, வானத்தைப் பார்த்தல்ல.

"கனடாச் சாமான் சரியில்ல," என்றேன்.

"உங்கட பற்றரி செத்துப் போச்சு அண்ணன். ரேடியோ கொஞ்சங் கொஞ்சமாக் குடிக்கும். இதுக்கு ஒரேயடியா வேணும்."

சின்னத்தங்கம் திரும்பி நடந்தாள். முடிந்தது என்று நினைத்தேன். பத்தடி போனவள் கிறுகி வந்தாள். பையிலிருந்து நீட்டு டோர்ச் ஒன்றை எடுத்து மூடியைத் திருகி, நாலு பற்றரியை என் கையில் கொட்டினாள்.

"இந்தாங்க. நான் சிரிக்கிறதுக்கு நானே பற்றரியும் குடுக்க வேண்டிக் கிடக்கு."

அமத்தினேன். உஸ்ஸ்ஸ் என்று ஒரு சீறல்.

அடுத்த நொடி என் வாய் நிறைய மண். பக்கத்தில் டொமினிக் தலையைக் கையால் பொத்திக்கொண்டு கிடந்தான். பெண்கள் அத்தனை பேரும் குப்புற. அமத்தினவன் நானே முதல் ஆளாக விழுந்திருக்கிறேன். நின்று பார்த்தது கரையில் மேய்ந்த ஒரு மாடு மட்டுந்தான்.

மேலே 'டப்' என்று கேட்டது. ஒருவரும் அசையவில்லை.

"மச்சான்."

"தலையத் தூக்காதகா!"

"கிறுகிப் பாருங்க மச்சான்."

புரண்டேன். செம்மஞ்சள் குடை ஒன்று, எந்தக் கரைக்குப் போவது என்று தெரியாததுபோல ஆடி ஆடி வந்து, முழங்கால் தண்ணீரில் பொத்தென்று விழுந்தது.

மல்லாந்து கிடந்தபடியே சின்னத்தங்கம் சிரிக்கத் தொடங்கினாள். தலைமயிரெல்லாம் மண். சிரித்துச் சிரித்து இருமல் வந்தது, இருமிவிட்டு மறுபடி சிரித்தாள். நானும் சிரித்தேன். டொமினிக் மண்ணில் கையால் அடித்தடித்துச் சிரித்தான்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவது.

"நாளைக்குச் சாரனுகள மூட்டையாக் கட்டிக்கொண்டு வாங்க," என்றாள்.

நாளை என்பதை நம்பி எனக்குப் பழக்கமில்லை.

"இண்டைக்கே வாறன்," என்றேன்.