கால் சுற்று

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கும் அவருடைய மச்சானுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய்ப் பல மாதம் ஆகிறது. சொத்துத் தகராறா என்றால் இல்லை. கல்யாணத்தில் மரியாதைக் குறைவா என்றால் அதுவும் இல்லை. ஒரு மோட்டார் சைக்கிள் செயின். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று இருவருமே வெளியில் சொல்வதில்லை.

வண்டி, கடைக்காரரின் மனைவியுடையது. வாரம் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். நாற்பது பிள்ளைகள் கத்தக் கத்த ஆமை வேகத்தில் ஊரைச் சுற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூட்ஸை மாட்டிக்கொண்டு மண்மேட்டிலும் பள்ளத்திலும் அந்த உயரமான வண்டியைப் பறக்கவிடுவாள். போன பந்தயத்தில் மேட்டின் உச்சியில் செயின் அறுந்தது. வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தோள்பட்டை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் வினை ஆரம்பித்தது. "எல்லாம் இவரு செயின் மாட்டின லட்சணம்" என்றார் கடைக்காரர். "மூக்குக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ போடறவரு வண்டியில கை வச்சா வேற என்ன ஆகும்?" என்றார் மச்சான். இரண்டையும் நர்ஸைப் பார்த்துத்தான் சொன்னார்கள். அவள் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னாள்.

எலும்பு கூடிவிட்டது, இவர்கள்தான் கூடவில்லை. நாளைக்கு மறுபடி பந்தயம். வண்டியை ஏற்றிப் போக இருப்பது மச்சானின் வேன் ஒன்றுதான். இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது மனைவி வாசலில் நின்று சொன்னாள்.

"புது செயினை மாட்டி வைங்க. அண்ணாவை மத்தியானம் வரச் சொல்லியிருக்கேன். நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரே வேன்ல வரணும். ஒருத்தர் வரலைன்னாலும் நான் போகலை. வண்டியை வித்துடறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் கடைக்காரர் கவலைப்பட்டிருக்க மாட்டார். பேருந்துச் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னாள். அப்படிச் சொன்னால் செய்துவிடுவாள். கையைக் கழுத்துத் துணியில் தொங்கப்போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அதை அவரால் இன்னொரு தடவை பார்க்க முடியாது. விழுந்துவிடுவாளோ என்ற பயமும் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சுவர்ப் பயம் அதைவிடப் பெரியது.

கடையை அடைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனார். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, அறுந்ததற்குப் பதிலாகத் தற்காலிகமாக மாட்டியிருந்த பழைய செயினின் கிளிப்பைக் கழற்றினார். அதன் வாலில் புதுச் செயினை முடிச்சுப் போட்டதுபோல் கோத்து மெல்ல இழுத்தார். பழையது வெளியே வரவர, புதியது முன் பல்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு தானே உள்ளே போனது. இணைப்பை மாட்டி, கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கிறதா என்று கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பார்த்தது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

தொய்வு மூன்று விரல் இருக்க வேண்டும் என்று மனைவி சொல்லியிருந்தாள். செயினுக்கடியில் மூன்று விரலை நுழைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை, துணி காயப்போட்ட கொடிமாதிரி தொங்கியது. அவர் கடையில் தொய்ந்த கண்ணாடி யார் மூக்கிலும் ஏறியதில்லை. பின்சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளும் போல்ட்டை இரண்டு பக்கமும் கால் சுற்று இறுக்கினார். தண்ணீர் குடிக்கப் போகும்போது ஒரு கால் சுற்று. குடித்துவிட்டு வரும்போது ஒரு கால் சுற்று. மனசு கேட்டால்தானே!

பிறகு கிரீஸ் கையோடு குளியலறைக்குப் போனார். தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தால், கொட்டகையில் மச்சான். மலைபோன்ற உடம்பு, கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால். மனிதர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வடம் தளர்ந்தால் ஆள் காலி என்கிற தொழில். கடைக்காரர் மேற்கூரையைப் பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்தார். உர்ரென்று அப்படியே நின்றார்கள்.

நல்லவேளை, மனைவி வந்து சேர்ந்தாள். பேருந்துச் சீருடையோடு குனிந்து செயினுக்கடியில் விரலை விட்டாள். ஒரு விரல்தான் போனது.

"யாரு இறுக்கினது?"

"கால் சுற்றுதான்" என்றார் கடைக்காரர்.

"கால் சுற்றுதான்" என்றார் மச்சான். பின்னாலிருந்த கையை முன்னால் கொண்டுவந்தார். ஸ்பேனர் இருந்தது.

அவள் கத்தவில்லை. வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினாள்.

"ஏறி உக்காருங்க."

"யாரு?"

"ரெண்டு பேரும்."

ஒல்லியான ஒருத்தர் உட்காரத் தைத்த இருக்கை அது. மச்சான் முன்னால் ஏறினார். கடைக்காரர் பின்னால் ஏறி, பிடிக்க வேறு எதுவும் இல்லாததால், கடவுளே என்று மச்சானின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வண்டி முனகிக்கொண்டு அமுங்கியது. அமுங்க அமுங்கச் செயின் விறைத்தது. அவள் ஸ்பேனரால் தட்டினாள். கிண்ணென்றது.

"பள்ளத்துல குதிக்கும்போது பின்சக்கரம் இப்படித்தான் மேல வரும். செயினை இழுக்கும். ஆள் இல்லாதப்ப தொங்குதே, அது தொய்வு இல்லைங்க. பள்ளத்துக்கு விட்டு வச்சிருக்கிற இடம். அந்த இடத்தைத்தான் ரெண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சமா எடுத்துட்டீங்க."

கடைக்காரர் விறைத்த செயினைக் குனிந்து பார்த்தார். இந்தச் செயினோடுதான் நாளைக்கு அவளை அனுப்பியிருப்பார், கையாட்டி வேறு அனுப்பியிருப்பார்.

"போன தடவையும் இதே கதைதான். மாட்டினது அண்ணா. அப்புறம் நீங்க ஒரு கால் சுற்று. அப்படித்தானே?"

மச்சானின் முதுகு ஒரு பெருமூச்சில் ஏறி இறங்கியது. பிடித்திருந்த கைகளும் கூடவே ஏறி இறங்கின. அவள் மறுபடி கேட்கவில்லை.

இறங்கச் சொன்னாள். போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தட்டி, மூன்று விரல் வைத்தாள். மறுபடி ஏறச் சொன்னாள். இந்தத் தடவை கடைக்காரர் சொல்லாமலே இடுப்பைப் பிடித்தார். செயின் விறைக்கவில்லை. அமுங்கிய பிறகும் கொஞ்சம் ஆடியது.

"அப்படியே இருங்க. நட்டை முறுக்கணும்."

இருந்தார்கள். பின்னால் ஸ்பேனர் சத்தம் கேட்டது. கடைக்காரர் முன்னாலிருந்த அகன்ற முதுகிடம் பேசினார்.

"மச்சான்."

"ம்."

"வேன்ல முன்னாடி மூணு பேர் உக்காரலாமா?"

"நெருக்கி உக்காரணும், மாப்பிள்ளை."

"இந்த அளவுக்கா?"

"இதைப் பாத்தா அது மாளிகை."

மாப்பிள்ளை என்ற வார்த்தையைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! கடைக்காரர் செருமிச் சமாளித்தார். மச்சானும் எதற்கோ செருமினார். கால் மரத்துப்போக ஆரம்பித்தது.

"முடிஞ்சுதாம்மா?" என்று மச்சான் குரல் கொடுத்தார்.

"இன்னும் இல்லைண்ணா. அசையாதீங்க."

கடைக்காரர் மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தார். ஸ்பேனர் பெட்டி மூடியிருந்தது. அதன்மேல் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, அவள் இவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைக்கூடத் துடைத்தாகிவிட்டது.

அவர் முகத்தை முன்னால் திருப்பிக்கொண்டார்.

"இன்னும் முடியலை, மச்சான்" என்றார். இடுப்பைப் பிடித்த கையை எடுக்கவில்லை.