இந்தப் பக்கமிருந்து படித்தால்

"அந்த மாமனார் செத்துப்போற எடத்துல, ஆபீஸ்னு கூடப் பாக்காம அழுதுட்டேன்டி" என்று தோழி இலக்கியா போனில் சொன்னபோது மேகலாவின் வாயில் எலுமிச்சைச் சோறு இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அரியலூர் இன்சூரன்ஸ் ஆபீஸின் சாப்பாட்டு மேசையில் எதிரே இருந்தவர், விக்கிக்கொண்டது போலிருக்கிறது என்று தண்ணீர் பாட்டிலை நகர்த்திவைத்தார்.

"எந்த மாமனார்?"

"அதான்டி, முள்ளங்கித் தோட்டத்துக் கதை. நாந்தானே ஒனக்குச் சொன்னேன். நீ இன்னும் வாங்கலையா?"

வாங்கியிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் பார்சல் வந்தது. காலையில் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில், உறையைக் கூடச் சரியாகப் பிரிக்காமல் மாமியார் லீலாவதியின் கையில் கொடுத்துவிட்டு, "இது ஒங்களுக்குன்னே சொல்லி வாங்குனது அத்தை. ஒங்களுக்கு ரொம்பப் புடிக்கும்" என்று சொல்லிவிட்டு வேறு வந்திருந்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வார்கள் என்பார்கள். மேகலா அதைப் பார்சலில் வரவழைத்து மாமியார் மடியில் விட்டிருந்தாள்.

இத்தனைக்கும் இந்த விஷயத்தில் மேகலா கெட்டிக்காரி. பெரம்பலூரில் கல்லூரியில் படித்த நாளிலிருந்தே, ஜப்பான் மங்கா படக்கதை படிக்கிற கூட்டத்தில் யாருக்கு எது தோதுப்படும் என்று அவளிடம்தான் கேட்பார்கள். பிடித்த படம் என்ன, நடிகர் யார் என்றெல்லாம் அவள் கேட்க மாட்டாள். கோபம் வந்தால் கத்துவாயா, பாத்திரம் தேய்ப்பாயா என்பாள். கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காருவாயா, பந்திப் பக்கம் நிற்பாயா என்பாள். பாத்திரம் தேய்க்கிற ஆளுக்கு ஒரு கதை, பந்திப் பக்கம் நிற்கிற ஆளுக்கு ஒரு கதை. அழுகை வரணும், ஆனா யாரும் சாகக் கூடாது என்று வந்து நின்றவர்களுக்குக்கூடத் தொடர் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். தான் படிக்காத ஒன்றை யாருக்கும் சொன்னதில்லை. இதுதான் முதல் தடவை. அதுவும் போயும் போயும் இதிலா?

"கதையைச் சொல்லு இலக்கியா. முழுசா சொல்லு."

இலக்கியா சொன்னாள். டவுன் பெண் ஒருத்தி முள்ளங்கி போடுகிற வீட்டுக்கு மருமகளாக வருகிறாள். மழையில் பெட்டியோடு நிற்கிறவளை மாமனார் குடை பிடித்து உள்ளே அழைத்துப்போகிறார். அவளிடம் அவ்வளவு பிரியமாக இருக்கிறார். கொஞ்ச நாளில் இறந்துபோகிறார். மாமியாரும் மருமகளும் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிறார்கள். வெறுமனே தொங்குகிற அந்தக் குடையோடு கதை முடிகிறது. சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி, "ஐயையோ" என்றாள். "நீ படிக்கத்தான் கேட்டேன்னு நெனச்சேன்டி. அவங்களுக்கா குடுத்த?"

மேகலா டிபன் பாக்ஸை மூடினாள். மேனேஜரிடம் வயிற்றுவலி என்று சொல்லி அரை நாள் லீவு வாங்கினாள்.

திருமானூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஐப்பசித் தூறல். சிமெண்டு லாரிகளின் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. மேகலாவுக்குத் தன் கல்யாணச் சீர் வந்திறங்கிய நாள் நினைவுக்கு வந்தது. குத்துவிளக்கு, அண்டா, கிரைண்டர் எல்லாம் இறங்கியபின் வேனில் ஒரு அட்டைப்பெட்டி மிஞ்சியது. மாமனார் பஞ்சநாதன் பித்தளைச் சாமான் என்று நினைத்துத் தோளில் தூக்கிவிட்டார். பாதி வாசலில் நின்று, "என்ன தாயி, கல்லு கில்லு போட்டு அனுப்பிட்டாங்களா?" என்றார்.

"புத்தகம் மாமா."

"இம்புட்டுமா?" என்று கேட்டவர் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. சிரித்துக்கொண்டே உள்ளே கொண்டுபோய் அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்தார். சீர் சாமான்களுக்கெல்லாம் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு வந்த லீலாவதி அந்தப் பெட்டிக்கு முன்னால் வந்ததும் ஒரு கணம் தயங்கினாள். "அதுவும் சீருதான், வையி" என்றார் அவர். அவளும் வைத்தாள்.

கல்யாணமாகி ஆறாம் மாதம், ஆலையிலிருந்து கரும்பு வெட்டு உத்தரவு வந்த அன்று, வயலைப் பார்க்கப் போன பஞ்சநாதன் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். கருமாதி முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக் கையலம்பிய பிறகு, அவருடைய தங்கை ஜெகதாம்பாள் கூடத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "வந்தவ நேரம் சரியில்ல. பொட்டி நெறைய பொம்மையக் கொண்டாந்து எறக்குனா வூடு எப்படி வெளங்கும்?" லீலாவதி அங்கேதான் இருந்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்தாள். மேகலா அன்றே பெட்டியை டேப் போட்டு ஒட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். ஜெகதாம்பாள் பேச்சை அவளால் தாங்க முடிந்தது. மாமியாரின் அந்த மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை. அத்தையும் அப்படித்தான் நினைக்கிறாளா? இதை யாரிடம் கேட்பது? கணவன் முத்தமிழ்செல்வனிடம் கேட்டால், "அம்மா அப்டியெல்லாம் நெனைக்காது" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவான். மகன்களுக்கு அம்மாக்களைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

அப்புறம் ஒருநாள் காய்ச்சலில் படுத்தபடி மேகலா வெளியில் கிடந்த ஒரே ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, கஞ்சித் தம்ளரை எடுக்க வந்த லீலாவதி நின்று பார்த்தாள். "அந்தப் பூனை ஏன் மொறைக்கிது?" என்றாள். அப்படித்தான் தொடங்கியது. டிவியை அவள் போடுவதில்லை. எல்லாரும் கத்துகிறார்கள் என்பாள். "இதுல வாயத் தெறந்தாலும் சத்தம் வல்ல. அது நல்லாருக்கு" என்றாள். பத்தாவது வரை படித்தவள்தான். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிக் கொஞ்சம், படத்தைப் பார்த்து மீதி. மேகலா ஒவ்வொன்றாகத் தேர்ந்து வாங்கிக் கொடுத்தாள். லீலாவதி கத்திச் சண்டையைத் தொடவில்லை. காதலைப் பாதியில் வைத்துவிட்டாள். பூனைக் கதை பிடித்தது. பிடித்ததெல்லாம் சின்னச் சின்னக் கதைகள்தான். சமையல்கடைக் கதையைக் கொடுத்தபோது, "நல்லாத்தான் இருக்கு. ஆனா தின்னு ஏப்பம் விட்டுட்டு அப்பறமா அடுப்ப மூட்டுறானுவ. என்னா ஊரோ!" என்றாள். அத்தை கிண்டலடிக்கிறாள், பழைய அத்தை திரும்பி வருகிறாள் என்று மேகலாவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் பழைய மங்காக் கூட்டத்தின் போன் குரூப்பில் கேட்டாள்: வயல் இருக்கணும், சண்டை இருக்கக் கூடாது, மாமியார் மருமகள் ஒற்றுமையாக இருக்கணும்.

இருந்தார்கள்தான், இலக்கியா சொன்னபடி பார்த்தால். நடுவில் ஒரு சாவு, அவ்வளவுதான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது லீலாவதி கூடத்தில் மாமனாரின் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம் மூடியிருந்தது. கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. அழுதிருக்கிறாள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"என்னா, இந்நேரத்துக்கு?"

"படிச்சிட்டீங்களா அத்தை?"

"முடிச்சிட்டேன்."

மேகலா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அத்தை, சத்தியமா எனக்குத் தெரியாது. படிக்காமலே குடுத்துட்டேன். வேணும்னு குடுக்கல."

"ஏன், நல்லாத்தான முடிச்சிருக்கான்?"

குத்திக்காட்டுகிறாளோ என்று மேகலா நிமிர்ந்தாள். லீலாவதி புத்தகத்தை எடுத்து, எல்லாரும் தமிழ்ப் புத்தகத்தைத் திறப்பதுபோல அட்டையை இடப்பக்கம் திருப்பினாள். "மொதல்ல கொடதான் தொங்குது. ஆளில்ல. பாத்ததும் எனக்கு நெஞ்சடைச்சிடுச்சு, என்னடா இதுன்னு. கறுப்புத்துணி கட்டிக்கிட்டு எல்லாரும் வர்றாங்க. அப்பறம் படுத்துக் கெடக்குறாரு. அந்தப் புள்ள கஞ்சி ஊட்டுது. அப்பறம் எந்திரிச்சி ஒக்காந்துட்டாரு. வயலுக்குப் போறாரு. இந்தா, இங்க மருமவளும் அவரும் முள்ளங்கிய இழுத்துட்டு மல்லாக்க வுழுந்து சிரிக்கிறாங்க." பக்கங்கள் அவள் விரலில் வேகமாகப் போயின. "கடைசில பாரு. மழையில அந்தப் புள்ள பொட்டியோட வந்து நிக்கிது. அவரு கொடைய எடுத்துக்கிட்டு ஓடியாராரு. அதோட முடிச்சிட்டான்."

தின்னுவிட்டு அடுப்பு மூட்டியது ஏன் என்று மேகலாவுக்கு இப்போதுதான் புரிந்தது. ஜப்பான் புத்தகம் வலப்பக்கமிருந்து தொடங்கும் என்பதை அவள் மாமியாருக்குச் சொல்லவே இல்லை. அவளுக்கு அது மூச்சுவிடுவதுபோல் பழகிப்போன விஷயம், சொல்லத் தோன்றவில்லை. லீலாவதி இத்தனை நாளாக எல்லாவற்றையும் வாலிலிருந்து தலைக்குப் படித்திருக்கிறாள். செத்தவர் எழுந்துவந்து குடை பிடித்திருக்கிறார். கடவுள் இருக்கிறார் என்று மேகலா நினைத்தாள். இது இப்படியே இருக்கட்டும், சொல்ல வேண்டாம் என்று வாயை இறுக்கிக்கொண்டாள்.

"மாத்திப் படிச்சிருக்கேன்னு சொல்லாம முழுங்குற, அதான?" என்றாள் லீலாவதி.

"அத்தை..."

"மொதப் பக்கத்துலயே போட்டுருக்கானே, ஸ்டாப்புன்னு. பஸ் ஸ்டாப்புலயெல்லாம் பாக்குறதுதான. இத்தினி நாளா திருப்பிக்கிட்டுப் போயிருக்கேன். இன்னிக்கித்தான் எழுத்துக்கூட்டிப் பாத்தேன், இது கடைசிப் பக்கம், அந்தப் பக்கமிருந்து படின்னு இருக்கு. அப்பறம் அந்தப் பக்கமிருந்தும் ஒருதரம் படிச்சேன்." கண்ணாடியைக் கழற்றினாள். "அந்தப் பக்கமா படிச்சா, அந்தப் புள்ள வருது, அவரு போயிடுறாரு. ஒங்க ஜெகதாம்பா அத்தை படிச்ச மாதிரி."

இதைத்தான், இதைத்தான் மேகலா இத்தனை மாதமாகக் கேட்கப் பயந்துகொண்டிருந்தாள்.

"அன்னிக்கி அவ சொன்னப்ப நான் வாயத் தெறந்திருக்கணும். நாக்கு எழும்பல புள்ள. அவரு போனதே எனக்கு இன்னும் உள்ள எறங்கல. ஒன் பொட்டியத் தூக்கியாந்தாரே, அன்னிக்கித் தோள்பட்டை புடிச்சிக்கிச்சு. தைலம் தேய்க்கத் தேய்க்கச் சிரிக்கிறாரு. மருமவ படிப்பாளிடின்னாரு. கடைசியா அந்த ஆறு மாசம் அவரு சிரிச்ச மாதிரி நான் கட்டிவந்த நாளா பாத்ததில்ல. நீ வந்துதான் சிரிச்சாரு." புத்தகத்தைத் திருப்பி, குடையோடு ஓடிவருகிறவரின் படம் மேலே தெரியும்படி பெஞ்சியில் வைத்தாள். "எனக்கு இந்தப் பக்கமிருந்து படிச்சாத்தான் சரியா இருக்கு. அவன் எப்படி வேணா போட்டுக்கட்டும்."

அந்த வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி என்று சொன்னதில்லை. அது சொசைட்டிக் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொல்கிற வார்த்தை. மேகலா மாமியாரின் முழங்காலில் நெற்றியை வைத்து அழுதாள். அழுகை முடிகிறவரை லீலாவதியின் கை அவள் தலையில் இருந்தது. அந்தக் கை சும்மாவும் இருக்கவில்லை, பஸ் காற்றில் பறந்த முடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தது.

"சரி, சரி. சாப்பிட்டியா? பாதியில ஓடியாந்திருப்ப. சோறு இருக்கு" என்றாள் லீலாவதி. பிறகு, "ஏன் ஒன்னொன்னா கடையில வாங்கித் தர்ற? பொட்டிய என்னா பண்ணுன?" என்றாள்.

இரண்டு பேருமாகக் கட்டிலுக்கடியிலிருந்து அதை இழுத்தார்கள். லீலாவதி அரிவாள்மனையைக் கொண்டுவந்து டேப்பைக் கிழிக்கப் போனவள் நின்றாள்.

"ஒங்க ஜெகதாம்பா அத்தைக்கும் ஒன்னு பாத்து வையி. தீவாளிக்கு வருவா."

"அவங்களுக்கு எது மாதிரி புடிக்கும் அத்தை?"

"அவளுக்கா? பக்கத்துக்குப் பக்கம் ரத்தம் தெறிக்கணும்."

மேகலா கண்ணைத் துடைத்தபடியே சிரித்துவிட்டாள். அப்படி ஒரு தொடர் இருந்தது. ஜெகதாம்பாளுக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும்.

பெட்டியின் மேல் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. லீலாவதி முந்தானையை மடித்து ஓரத்திலிருந்து துடைத்துக்கொண்டு வந்தாள். நடுவில் அவளே வைத்த மஞ்சளும் குங்குமமும் மங்கி, அட்டையோடு ஒட்டிக் காய்ந்திருந்தன. முந்தானை அதன் அருகில் வந்ததும் நின்றது. அந்தப் பொட்டை விட்டுவிட்டு, அதைச் சுற்றி மட்டும் துடைத்துக்கொண்டே போனாள்.