நீலம் ஒளிரக் கூடாது

எகிப்தின் அக்மீம் ஊரில் ரத்வான் போலிச் சிற்பங்களும் ஓவியங்களும் செய்கிறவன் என்பது ஊருக்கே தெரியும். இம்முறை பிடிபட்டது தேவதை முகம் தீட்டிய சவப்பெட்டிப் பலகையோடு. போலி என்றால் மோசடி வழக்கு. சில மாதங்களில் வீடு திரும்பலாம். அசல் என்றால் தொல்பொருள் கடத்தல். அந்தக் குற்றத்துக்குச் சிறை போனவர்கள் கிழவர்களாகத்தான் திரும்புகிறார்கள். எது என்று சொல்ல வேண்டியது எங்கள் ஆய்வறை.

அவன் மனைவி சாமியா காலையிலேயே வாசலுக்கு வந்துவிட்டாள்.

"டாக்டரம்மா, அந்த மூக்கைப் பாருங்க. அப்படியே என் மாமியார்! பாரோ காலத்துல இந்த மூக்கு இருந்திருந்தா நாடு அன்னிக்கே அழிஞ்சிருக்கும்."

பலகையைக் கொண்டுவந்திருந்த இன்ஸ்பெக்டர்கூடச் சிரித்துவிட்டார்.

உள்ளே விளக்கை அணைத்தோம். பழங்கால நீலத்தின்மீது சிவப்பு ஒளி பட்டால், அகச்சிவப்புக் கேமராவில் அது வெள்ளையாக ஒளிரும். கடைத்தெரு நீலம் இருண்டே கிடக்கும். தேவதையின் கூந்தல், கழுத்தணி, புருவம் எல்லாம் இருட்டு.

"அப்பாடா!" என்றார் என் சகா ஹில்மி. "போலியைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்டதே இல்ல. டீ சொல்லட்டுமா?"

விளிம்புகள் பாக்கி இருந்தன. தாடைக்குக் கீழே வண்ணம் உரிந்த இடத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெண்மை. ஹில்மி லென்ஸைத் துடைத்தார். வெண்மை போகவில்லை. பலகை முழுவதையும் அகச்சிவப்பில் படம் எடுத்தோம். ரத்வான் தீட்டிய முகம் கண்ணாடிபோல் மெலிந்தது. அதற்கு அடியில் கரிக்கோடுகள்: விரிந்த ஒரு சிறகு, ஒரு வரி எழுத்து. எவருடைய சவப்பெட்டியின் மீதோ அவன் தன் போலியைத் தீட்டியிருந்தான்.

"போச்சு," என்றார் ஹில்மி. "அசலை வச்சிருந்தது ஒரு குத்தம், அது மேல பெயிண்ட் அடிச்சது இன்னொரு குத்தம்."

வெளியே வந்தேன். சாமியாவும் இன்ஸ்பெக்டரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள்.

"போலிதானே, டாக்டரம்மா?"

"இந்தப் பலகை அவருக்கு எங்கேயிருந்து கிடைச்சுது?"

நல்ல செய்திக்குத்தான் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாள். முகம் மலர்ந்தது. "எங்க புறாக்கூண்டுக் கதவும்மா! மாமனார் காலத்துலேர்ந்து சுண்ணாம்பு அடிச்சுக் கிடந்துச்சு. பழைய மரமா இருந்தாத்தான் வாங்கறவன் நம்புவான்னு நான்தான் கழட்டிக் குடுத்தேன். இன்னும் ரெண்டு பலகை கூண்டுலயே இருக்கு. வந்து பாருங்க, வெறும் மரம்தான்."

இன்ஸ்பெக்டர் சிரிப்பதை நிறுத்தினார். பேனாவை எடுத்து, மரியாதையாகவே, அவள் வீட்டு விலாசத்தைக் கேட்டார். போகிற வழியையும் சேர்த்துச் சொன்னாள் அவள்.