மேல்வரிசை

பல் லேபில் எல்லோரும் அவரை 'செட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். பல்செட் செய்வதில் இருபத்தாறு வருஷ அனுபவம். நோயாளி யாரையும் நேரில் பார்த்ததில்லை; ஆனால் அச்சைப் பார்த்தே ஆள் எந்தப் பக்கம் மெல்கிறார், தூக்கத்தில் பல்லை நறநறக்கிறாரா என்று சொல்லிவிடுவார். "அப்படியே எனக்கு எப்பக் கல்யாணம் ஆகும்னும் பார்த்துச் சொல்லுங்க" என்று மெருகு போடும் பெண் கிண்டலடிப்பாள்.

அன்று மதியம் பல் டாக்டரம்மாவின் கிளினிக்கிலிருந்து ஓர் அச்சு வந்தது. சீட்டில் பெயர் இல்லை, எண் மட்டும். பெண், வயது நாற்பத்தேழு. மேல்வரிசையில் மிச்சமிருக்கும் பதினொன்றையும் எடுக்க வேண்டும். எடுத்த கையோடு மாட்ட செட் தயாராக இருக்க வேண்டும். செட்டு பிளாஸ்டர் மாவைக் கரைத்து அச்சுக்குள் ஊற்றினார். இறுகும்வரை காத்திருந்து மெல்ல உருவியெடுத்தார்.

இடதுபக்கம் ஒரு தெத்துப்பல். முன்பல்லில் ஒரு முனை உடைந்திருந்தது. கல்யாணமான புதிதில், சோடா மூடியைப் பல்லாலேயே திறந்து காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டி உடைத்துக்கொண்ட பல் அது. பந்தயம் கட்டியது அவரோடுதான்.

"என்ன செட்டு, இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்றாள் மெருகு போடும் பெண்.

"ஒண்ணுமில்லம்மா" என்றவர், பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

ஆறு வருஷத்துக்கு முன் அவருடைய அக்காவுக்கு நரம்பில் ஒரு நோய் வந்தது. துளி வெளிச்சம் பட்டாலும் தலையில் ஆணி இறக்கியதுபோல் துடித்துப்போவாள். பார்த்துக்கொள்ள வேறு நாதி இல்லை. "கொஞ்ச நாளைக்கு நம்மகூட வச்சுக்கலாமா?" என்று செட்டு மனைவியிடம் கேட்டார். அவள் மறுபேச்சு பேசவில்லை. தையல்கடை வேலையை விட்டாள். ஜன்னல்களுக்கெல்லாம் கனத்த கறுப்புத்துணி தைத்து மாட்டியதும் அவள்தான். ஐந்து நிமிஷம் அவள் குரல் கேட்காவிட்டால் அக்கா வீட்டையே இரண்டாக்கிவிடுவாள். அதனால் கடைகண்ணிக்குப் போவது செட்டு. வீட்டோடு கிடப்பது அவள். அந்த ஆறு வருஷத்தில் அவள் மேல் வெயில் பட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான்கு மாதத்துக்கு முன் அக்கா போய்ச் சேர்ந்தாள். கறுப்புத்துணியைக் கழற்ற வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

அவர் உள்ளே போனபோது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பல் டாக்டர்கிட்ட போனியா?"

அவள் திரும்பவில்லை. "யார் சொன்னா?"

"அச்சு என்கிட்டதான் வந்துச்சு."

குழாயை மூடினாள். "வேற லேபுக்குக் குடுப்பாங்கன்னு நெனச்சேன்."

"எத்தனை நாளா இப்படி?"

"ஈறுல ரத்தம் வர ஆரம்பிச்சு மூணு வருஷம் இருக்கும். பல்லு ஆட ஆரம்பிச்சது போன வருஷம்."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னேங்க. ரெண்டு தடவ சொன்னேன். உப்புத்தண்ணியில கொப்புளின்னீங்க."

அவருக்கு அது ஞாபகமே இல்லை. ஊர் வாயையெல்லாம் கரைத்துக் குடித்தவருக்கு, எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவளின் வாய் தெரியாமல் போயிருக்கிறது. அக்காவுக்குக் குழைத்ததில் மிச்சம் என்று அவளும் தினம் கஞ்சியாகவே குடித்ததை, மிச்சம் பிடிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் இருவரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"வைட்டமின் டி பாருங்க, அடிமட்டத்துல இருக்கு. இவங்க வெயில்லயே போறதில்லையா?"

செட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"இது ஒண்ணாலதான் பல்லு போச்சுன்னு சொல்ல மாட்டேன். ஈறு நோய் ரொம்ப நாளா இருந்திருக்கு, யாரும் கவனிக்கல. ஆனா வைட்டமின் டி இல்லன்னா சாப்பிடுற கால்சியம் உடம்புல ஒட்டாது. பல்லைப் பிடிச்சு வச்சிருக்கிறது எலும்புதானே? அதுக்குத் தெம்பு வேணும். ஈறும் கிருமியை எதிர்த்து நிக்கணும். ரெண்டுக்கும் அது தேவை."

"முன்னாடியே வந்திருந்தா?" என்றார் செட்டு.

டாக்டரம்மா தாளை மடித்து வைத்தார். "நிறைய பல்லைக் காப்பாத்தியிருக்கலாம். சரி, கீழ்வரிசை இன்னும் கைவிட்டுப் போகல. ஈறை ஆழமா சுத்தம் பண்றேன். வாரம் ஒரு மாத்திரை. தினம் கொஞ்ச நேரம் வெயில்ல நடக்கட்டும்." பிறகு குரலைத் தணித்து, "பல்செட்டை வேற ஆள் செய்யட்டுமா?" என்று கேட்டார்.

"நானே செய்றேன்."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பிடுங்குவதற்கு முன்பே செட் செய்வதென்றால், மாவு அச்சில் இருக்கும் பல்லை ஒவ்வொன்றாக ஈறோடு ஒட்ட அறுத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் செயற்கைப் பல்லை மெழுகில் பதிக்க வேண்டும். எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறார். பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்வார். அன்று சின்ன ரம்பத்தை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். முதல் பல் மேஜையில் உதிர்ந்தபோது, வலித்திருக்குமோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டார். மெருகு போடும் பெண் என்னவோ புரிந்துகொண்டு ரேடியோவை அணைத்தாள். பதினொரு பல்லையும் அறுத்து முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. மாவுத்தூளைத் துடைத்துப்போட அவருக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டார்: "தெத்துப்பல்லை அதே மாதிரி வச்சுடட்டுமா? எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்."

"வேணாம். நேரா வைங்க."

"ஏன்?"

"அது கூடப் பொறந்தது. போனது போகட்டும். செஞ்சு வைக்கிறதுக்கு எதுக்கு அந்தச் சாயல்?"

நேராகவே வைத்தார். பிடுங்கிய அன்றைக்கே செட் கச்சிதமாகப் பொருந்தியது. "கை வச்சா நீங்கதான்" என்று டாக்டரம்மா மெச்சினார். முன் அறையில் காத்திருந்தவர்கள்கூட அதைக் கேட்டு எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். செட்டு தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்.

ஆறு மாதத்தில் அவள் உடம்பு தேறியது. ஈறில் ரத்தம் நின்றது. கீழ்வரிசையில் ஒரு பல்கூட அதற்குப்பின் ஆடவில்லை. ஜன்னல் துணிகளைச் செட்டு தன் கையாலேயே கழற்றிப் போட்டார். வீட்டு வேலையில் பாதியைச் சொல்லாமலே எடுத்துக்கொண்டார். ஆனால் அவள் பேச்சு தேய்ந்துகொண்டே போனது.

"என்மேல கோபமா?" என்று ஒரு விடுமுறை நாளில் கேட்டேவிட்டார்.

"இல்லீங்க. கோபம் இருந்தா எப்பவோ சண்டை போட்டுத் தீர்த்திருப்பேனே."

அவள் வெளியே கிளம்பினாள். தினமும் பதினொரு மணிக்குத் தெருமுனைப் பூங்காவுக்குப் போய் வெயிலில் உட்கார்ந்துவிட்டு வருவது வழக்கமாகியிருந்தது.

"நானும் வரட்டுமா?"

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். முகத்தில் கடுப்பு இல்லை, அசதிதான் இருந்தது. "வேணாங்க. கொஞ்ச நேரம் யாரையும் பார்த்துக்காம இருந்துட்டு வரேன்."

அவள் படியிறங்கிப் போன சத்தம் ஓயும்வரை நின்றிருந்தார். பிறகு சமையலறைக்குப் போய், அவளுக்கு மெல்ல வாகாக இருக்கட்டும் என்று காய்களைப் பொடிப்பொடியாக நறுக்கத் தொடங்கினார். பாதியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.