தெமான் வேணுமா?

முட்டிக்குத்தானே வந்தேன், வலது கால் முட்டி, படி ஏறினால் சுருக்கென்று பிடிக்கிறது என்று தெளிவாகத்தானே சொன்னேன், அதற்கு எதற்கு நெஞ்சு... இல்லை, பார்ப்பார்கள், அறுபது தாண்டினால் எல்லாவற்றையும்தான் பார்ப்பார்கள், பிரஷர் பார்த்தார், சரி, நாக்கை நீட்டச் சொன்னார், சரி, முட்டியை இரண்டு விரலால் அமுக்கி "இங்கயாம்மா?" என்றார், அதுவும் சரி, அப்புறம் எழுந்து வந்து பின்னால் நின்றுகொண்டு "மூச்ச இழுத்து விடுங்கம்மா" என்று குழலைச் சட்டைக்குள் விட்டாரே, குழல் ஒரு பக்கம் இருந்தது, கை இன்னொரு பக்கம் இருந்தது. குழலுக்குக் காது உண்டு, கைக்கு ஏது காது? அது என்ன கேட்டுக்கொண்டிருந்தது அத்தனை நேரம்? "பையன் எங்கம்மா வேல செய்றாரு, சிங்கப்பூரா?" என்றார், கையை எடுக்காமலே கேட்டார், நானும், ஐயோ, நானும் பதில் சொன்னேனே, "இல்லிங்க டாக்டர், இங்கதான் ஈப்போவுல, டயர் கடையில" என்று, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வது மாதிரி. பிறகு பட்டனைப் போட்டுக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்துகொண்டு, "தேங்க்யூ டாக்டர்" என்றேன். எதற்கு? எதற்கு தேங்க்யூ?

மருந்துக்குக் கூப்பிடுவார்கள், உட்கார்ந்திருக்கிறேன். கையில் பதினாலாம் நம்பர் அட்டை, அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். டிவியில் மலாய் நாடகம், சத்தம் இல்லாமல் ஒருத்தி அழுகிறாள். வெளியே குனோங் ராபாட் மலை, பாதி வெட்டிய வெள்ளை முதுகோடு நிற்கிறது, எல்லாம் காலையில் வந்தபோது இருந்த மாதிரியேதான் இருக்கிறது. யுகேந்திரனுக்குப் போன் போட்டால் என்ன சொல்வான்? "எம்மா, என்னா சொல்ற, யாரு, டாக்டரா?" என்று கத்துவான், கடையை விட்டு ஸ்பேனரோடு வருவான், அப்புறம் நாங்கள் குடியிருக்கும் இந்தத் தாமானில் வீட்டுக்கு வீடு என் நெஞ்சைப் பற்றித்தான் பேச்சு. இல்லையென்றால், அதைவிட மோசம், சிரித்துவிடுவானோ? "ஒனக்கு அறுவத்திரண்டு வயசும்மா." அவன் அப்பா இருந்திருந்தால், பத்துமலை என்று பெயரே தவிர மலை மாதிரி எதற்கும் நின்றதில்லை, "சும்மா இரு மங்களம், நம்ம ஆளு, தமிழ்ல பேசுறாரு, கோயிலுக்கு அள்ளிக் குடுக்குறாரு, செக் பண்ணத்தான செஞ்சிருப்பாரு" என்பார். செய்தாரு, பண்ணாரு, தொட்டாரு... பார், நானும் மனசுக்குள்கூட 'ரு' போட்டுத்தான் நினைக்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பழகிய நாக்கு, விடிகாலைப் பெரட்டில் வரிசையில் நின்று பேர் கொடுக்கும்போது கணக்கெழுதும் கிராணி கன்னாபின்னாவென்று திட்டினாலும் "சரிங்கய்யா" என்று சொல்லிப் பழகிய நாக்கு. ஒருவேளை நான்தான் தப்பாக... சளி இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். சளிக்கா? எனக்குச் சளியே இல்லையே.

கவுண்டரில் இருக்கும் அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. கிளாரிசா என்று சட்டையில் பேர் குத்தியிருக்கிறது, கழுத்தில் சின்னச் சிலுவை. காலையில் நான் நுழைந்தபோது நன்றாகப் பார்த்தாள், ஐசி கார்டை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஆன்ட்டி, தெமான் வேணுமா?" என்றாள். தெமான் என்றால் கூட வரும் ஆள், துணை. எனக்குச் சுருக்கென்று கோபம், என்ன நினைத்தாள் என்னை, நடக்க முடியாத கிழவி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றா? "முட்டிதான்மா நோவுது, கண்ணு தெரியுது, கதவு எங்க இருக்குன்னு தெரியுது" என்றேன், உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள், எனக்கும் பெருமை, நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டோம் என்று. அவள் சிரிக்கவில்லை. "இல்ல ஆன்ட்டி, வேணும்னா நான் உள்ள வந்து நிப்பேன்" என்றாள். "இத்தன பேரு காத்திருக்காங்க, நீ ஒன் வேலயப் பாரு லா" என்று நான்தான்... பிறகு எனக்குப் பின்னால் வந்த சீனக் கிழவரிடம் அவள் அதைக் கேட்கவே இல்லையே. ஊன்றுகோலோடு வந்தாரே அவர், அவருக்குத்தானே கையைப் பிடிக்க ஆள் வேண்டும்? சுவரில் மலாயில் ஏதோ ஒட்டியிருக்கிறது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இப்போதுதான் படிக்கிறேன், பெண் நோயாளிகள் உள்ளே துணைக்கு ஆள் கேட்கலாமாம். பெண் நோயாளிகள். அப்படியானால் அந்தக் கேள்வி என் முட்டியைப் பற்றியதே இல்லை. அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். தெரிந்ததை எல்லாம் ஒரு கேள்வியாகச் சுருட்டி என் கையில் கொடுத்தாள், நான் அதை நாலு பேர் சிரிக்கத் தூக்கிப் போட்டேன். வெளியே வந்தபோது கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே "ஓக்கேவா ஆன்ட்டி?" என்றாள். "ஓக்கே" என்றேன். ஓக்கே, தேங்க்யூ, சரிங்க, இந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டே ஒரு ஆயுளை ஓட்டிவிடலாம் போலிருக்கிறது.

இப்போது எதற்கு மாரியம்மா ஞாபகம் வருகிறது... கோலா கங்சார் பக்கத்துத் தோட்டம், ஐந்தாம் நம்பர் லயம், எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. பெண்கள் யார் டிரசரிடம் மருந்துக்குப் போனாலும் அவள் பின்னாலேயே வருவாள். தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் ஒரே ஒரு அறை, மருந்து கொடுக்கிற டிரசர்தான் எங்களுக்கு டாக்டர். யாரும் கூப்பிட மாட்டார்கள், இவளாகப் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து, உள்ளே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலை மெல்லுவாள். "ஒனக்கு என்னா?" என்று டிரசர் எரிந்து விழுவார். "எனக்கும் இடுப்பு நோவுதுங்கய்யா, அதுக்கு முடிச்சிட்டு இதுக்குப் பாருங்க" என்பாள். அந்த இடுப்பு வலி தீரவே இல்லை, பத்து வருடமாக. வால் மாரியம்மா என்று பேர் வைத்தோம், டிரசர்மேல் ஆசை, அதான் போய்ப் போய் உட்கார்ந்துகொள்கிறாள் என்றுகூடச் சிரித்தோம். பதினைந்து வயதில் எனக்குக் காய்ச்சல், பின்னாலேயே வந்தாள், நான் வழியில் நின்று "எனக்கு ஒரு வாலும் வேணாம், போ" என்று கத்தினேன். போகவில்லை. கல்லால் அடித்தாலும் திரும்பி வரும் நாய் மாதிரி பத்தடி தள்ளி வந்தாள். ஏன் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. டிரசர் வேலை முடிந்து போனபோது ஆளுயர மாலை, மேளம், பெண்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு "தங்கமான மனுசன்" என்றார்கள். நானும் சொன்னேன். மாரியம்மா ஒரு மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்...

"நம்பர் பதினாறு. தினேஸ்வரி." பக்கத்தில் அசைகிறது, அட, இத்தனை நேரம் என் தோளை ஒட்டி ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், இருபது வயதுகூட இருக்காது, பேக்டரி யூனிபார்ம், மடியில் ஹெல்மெட், கண் காய்ச்சலில் சிவந்திருக்கிறது. கிளாரிசா குரலைத் தாழ்த்தி, அதே மாதிரி, ஒரு எழுத்து மாறாமல், "தெமான் வேணுமா?" என்கிறாள். "எதுக்குக்கா? காய்ச்ச தான, எம்சி லீவு குடுத்தா போதும்" என்று அந்தப் பெண் சிரிக்கிறது. கிளாரிசா இன்னும் ஒரு நொடி பார்க்கிறாள், வேறு ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் நாளைக்கு அந்த நாற்காலியில் வேறு பெண் உட்கார்ந்திருப்பாள். நான் எழுந்துவிட்டேன். முட்டி பிடிக்கிறது, இருந்தாலும் எழுந்துவிட்டேன். "எனக்கும் டாக்டர்கிட்ட மருந்து பத்தி ஒண்ணு கேக்கணும்மா, ஒங்கூடவே வந்துட்டுப் போயிடுறேன்" என்று என் வாய் சொல்கிறது, எங்கிருந்து வந்தது இந்தப் பொய், மாரியம்மாவின் இடுப்பு வலிக்குத் தங்கச்சி மாதிரி. அந்தப் பெண் ஒரு மாதிரி பார்த்துவிட்டு "வாங்க ஆன்ட்டி, நாந்தான் இருமிக்கிட்டே இருப்பேன்" என்கிறது. கிளாரிசா, "போங்க ஆன்ட்டி, போங்க" என்கிறாள், அவ்வளவு வேகமாக.

உள்ளே அதே சோப்பு வாசம். "என்னம்மா, திரும்ப வந்துட்டீங்க?" என்று சிரித்தார். "முட்டி மாத்திர சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா டாக்டர்?" "பின்னாடிம்மா. அவ்ளோதான?" "ஆமாங்க. காலு நோவுது, கொஞ்சம் ஒக்காந்துக்கிறேன்." உட்கார்ந்தேன். என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன், ஒரு மூச்சு நேரம்தான், அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே, புத்தகத்தில் போட்டது மாதிரி வைத்தியம், காதில் காய்ச்சல் பார்த்தார், டார்ச் அடித்துத் தொண்டை பார்த்தார், குழலைச் சட்டைக்கு மேலேயே முதுகில் வைத்தார், இன்னொரு கை மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தது, நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் எம்சி எழுதினார். "தண்ணி நெறைய குடிங்க. நெஞ்சுல லேசா சளி இருக்கு, வெள்ளிக்கிழம வாங்க, சரியா கேட்டுப் பாத்துரலாம்" என்றார். "தேங்க்யூ டாக்டர்" என்றது அந்தப் பெண். நான் சொல்லவில்லை. அந்த மட்டும் வாய் மூடி இருந்தது, ஒரு வெற்றி மாதிரி இருந்தது, கதவைத் தாண்டும் வரைக்கும்.

மருந்தை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால் வெயில் முகத்தில் அறைகிறது. யுகேந்திரன் காடியை ஓட்டிக்கொண்டு இன்னும் வரவில்லை. அந்தப் பெண் மோட்டாரைத் தள்ளிக்கொண்டே "எவ்ளோ தன்மையா பேசுறாரு லா ஆன்ட்டி, எங்க பேக்டரி கிளினிக்குல மொகத்தக்கூட பாக்க மாட்டாங்க. எங்க ஹோஸ்டல்ல பதினெட்டுப் பொண்ணுங்க, எல்லாருக்கும் காய்ச்ச ஆரம்பிச்சிருச்சி, இங்கயே வரச் சொல்லப்போறேன்" என்கிறாள். பதினெட்டு. வெள்ளிக்கிழமை இவள். நான் வெள்ளிக்கிழமை இங்கே இருப்பேனா, சனிக்கிழமை, திங்கட்கிழமை, எத்தனை நாளைக்கு முட்டி வலிக்கும் எனக்கு? உள்ளே போய் உட்கார்ந்து இந்தப் பெண்ணைக் காப்பாற்றினேன் என்றுதானே நினைத்தேன், காப்பாற்றியது யாரை? நான் உட்கார்ந்திருந்ததால்தானே தன்மையான டாக்டர் ஆனார். மாரியம்மா பத்து வருடம் வாய் திறக்காமல் உட்கார்ந்து உட்கார்ந்துதானோ அந்த டிரசரைத் தங்கமாக்கினாள்? அந்த மாலையில் பாதிப் பூ அவள் கட்டியதுதானோ?

"வாரேன் ஆன்ட்டி." ஹெல்மெட்டை மாட்டிவிட்டாள், கண்ணாடி இறங்கிவிட்டது, அதில் நான்தான் தெரிகிறேன், குட்டையாக, மருந்துப் பையோடு. சொல்லணும். என்னவென்று? அதற்கு ஒரு வார்த்தை எங்கள் லயத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நடந்துகிட்டாரு, தொட்டாரு, கை வெச்சாரு... ஒவ்வொன்றின் வாலிலும் அந்த 'ரு' ஒட்டிக்கொண்டு வருகிறது, அது இருக்கும் வரை இது குற்றம் மாதிரியே கேட்காது, வைத்தியம் மாதிரித்தான் கேட்கும். ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

"அவன்..." என்றேன்.

அவள் கண்ணாடியைத் தூக்கினாள். "எவன் ஆன்ட்டி?"